பெயருக்கு முந்தைய மூச்சுத்திணறல்

1884இல் ஃப்ளூக்கிகர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு புதிர்: நுரையீரலிலோ இதயத்திலோ நாட்பட்ட மாற்றமின்றி விரல்நுனிகள் முரசுக்கோல்போல் தடித்தல். நோயாளி, கல்லீரல் சுருங்கிய ஒரு பெண். உடல் நீலம் பாரித்திருந்தது. நுரையீரலின் நுண்குழாய்கள் விரிவதால் குருதி போதிய உயிர்வளி பெறாமலே கடந்துவிடுகிறது என்பது மிகப் பிந்தியே புலப்பட்டது. இதயம் தளர்ந்தவர் படுத்தால் திணறுவார். இந்நோயாளிகளுட் பலரோ எழுந்து உட்கார்ந்தால் திணறுவர். விரிந்த குழாய்கள் நுரையீரலின் அடிப்பகுதியில் மிகுதி என்பதே காரணம். ‘கல்லீரல்–நுரையீரல் நோய்த்தொகுதி’ என்னும் பெயரை 1977இல் கென்னடியும் நட்சனும் வழங்கினர். (93 ஆண்டுகள், ஒரு பெயருக்கு!) அதன் பின்னரும், கடும் உயிர்வளிக் குறைவுடையோருக்குக் கல்லீரல் மாற்று அறுவை ஆகாதென்றே பல காலம் கருதப்பட்டது. மாற்றியபின் பலருக்கு மூச்சு சீரடைந்ததைக் கண்டபிறகே, மறுப்புக்குக் காரணமாயிருந்த அதே குறைவு அறுவைக்குக் காரணமாயிற்று.