கடலில்லாத ஊரின் துறைமுகம்

'அப்படி நடந்திருந்தால்' என்று வரலாற்றைக் கேட்பது வீண் வேலை என்பார் உண்டு. அரசர்களையும் போர்களையும் பொறுத்தமட்டில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நிலத்தையும் நீரையும் பற்றிப் பேசும்போது அக்கேள்விக்கு ஒரு பயன் இருக்கிறது. வரைபடத்திலிருந்து ஒரு மலையையோ ஆற்றையோ மனத்தால் அகற்றிப் பார்க்கும்போதுதான், அது இதுகாறும் என்ன செய்துகொண்டிருந்தது என்பது நமக்குப் புலனாகிறது. இக்கட்டுரையில் திருப்பூரை அவ்வாறு நோக்க முயல்கிறோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில், படகோடும் ஆறு ஒன்றுகூட இல்லாமல் இருக்கும் ஊர் அது. அங்கே தைக்கப்படும் பின்னலாடைகளோ கண்டம் விட்டுக் கண்டம் கப்பலேறுகின்றன. 2023-24ஆம் ஆண்டில் அவற்றின் ஏற்றுமதி மதிப்பு 30,000 கோடி ரூபாய்க்கும் மேல். அப்படியானால் இந்த ஊரின் துறைமுகம் எது?

முதலில் பாலக்காட்டுக் கணவாயை அகற்றிப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. அது இல்லாதிருந்தால் கொடுமணல் என்ற பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யலின் வடகரையில் உள்ள அச்சிற்றூரில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், இரும்பு உருக்கிய உலைகளையும், மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்களையும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், நூல் நூற்கும் தக்களிகளையும் வெளிப்படுத்தின. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கருத்து. காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல் இவ்வழியே மேற்குக் கடற்கரைக்குச் சென்றது. அதற்கு மாற்றாக வந்த உரோமக் காசுகள் வெள்ளலூரிலும் கத்தாங்கண்ணியிலும் புதையல்களாகக் கிடைத்தன. ஆக, கொங்கின் முதல் துறைமுகம் சேரநாட்டு முசிறி. ஆறு செய்திருக்க வேண்டிய வேலையை இங்கே மலையின் இடைவெளி செய்தது.

அந்த முசிறியும் வசதியான துறையாக இருக்கவில்லை. கப்பல்கள் கரையிலிருந்து வெகு தொலைவில் நங்கூரமிட வேண்டியிருந்தது என்றும், சிறு படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின என்றும் உரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறைப்பட்டிருக்கிறார். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அம்முகத்துவாரத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியின் வாயிலைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அவ்வெள்ளம் வராதிருந்தால்? போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கோட்டை கட்ட வேறோர் இடம் தேடியிருப்பர். ஆயினும் வெள்ளம் திறந்த வாயிலை மணல்திட்டு மறுபடியும் மறித்தே நின்றது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதை வெட்டி ஆழப்படுத்திய பிறகு, 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. இயற்கை வாயிலைக் காட்டியது, மனிதர்தாம் அதைத் துறைமுகமாக்கினர்.

இவ்வளவையும் கொண்டு பார்த்தால் திருப்பூரின் துறைமுகம் கொச்சியாகத்தான் இருக்க வேண்டும். தூரம் குறைவு. 1862-இல் சென்னையையும் மலபார்க் கரையின் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை கணவாய் வழியேதான் சென்றது, அதற்குப் பின் நெடுஞ்சாலையும் வந்தது. ஆனால் திருப்பூரின் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பகுதி தெற்கே, கூடுதல் தொலைவிலுள்ள தூத்துக்குடிக்கே செல்கிறது. கப்பல் எத்தனை நாளுக்கொரு முறை வரும், சுங்க முகவர் யார், லாரி வாடகை எவ்வளவு என்ற கணக்குகள் இங்கே வரைபடத்தை வென்றுவிடுகின்றன. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை கோவையோடு சென்னை மாகாணத்தில் இருந்த மலபார் கேரளத்துக்குப் போனது. மலை இல்லாத இடத்தில் எல்லை எழுந்தது. வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நின்றதை, 2017-இல் சரக்கு சேவை வரி வரும்வரை அச்சாலையில் சென்ற எவரும் கண்டிருக்கலாம்.

தூத்துக்குடிக்கு இயற்கை செய்த சலுகையும் குறைவுதான். கரையோரக் கடல் ஆழமற்றது, தோணிகள்தாம் நெடுங்காலம் சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுசென்றன. பிளினி முசிறியில் சொன்ன குறையை இருபதாம் நூற்றாண்டுத் தூத்துக்குடியிலும் சொல்லியிருக்கலாம். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டி உருவாக்கிய செயற்கைத் துறைமுகம், 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் வடக்கே சேதுவின் மணல்திட்டுகள் வழியை மறிப்பதால், உலகக் கப்பல் பாதை இலங்கையைச் சுற்றிப் போகிறது. எனவே தூத்துக்குடியில் ஏறும் பெட்டகங்கள் பல, கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. அத்திட்டுகள் இல்லாதிருந்தால் கொழும்பின் இடத்தில் தூத்துக்குடி இருந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது. 2005-இல் தொடங்கி 2007-இல் உச்சநீதிமன்றத் தடையால் நின்றுபோன சேதுக் கால்வாய்த் திட்டத்தின் பின்னணியிலும் இந்த ஏக்கம் இருந்தது. ஆனால் திட்டமிட்ட ஆழம் 12 மீட்டர்தான், இன்றைய பெரும் பெட்டகக் கப்பல்களுக்கு அது போதாது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தில் அவற்றுக்குத் தேவையான ஆழம் இயல்பாகவே இருக்கிறது. நாளை திருப்பூரின் துறைமுகம் மீண்டும் சேரநாட்டுக் கரைக்குத் திரும்பினாலும் வியப்பில்லை.

கோவையைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று அழைப்பது நமக்குப் பழக்கம். அசல் மான்செஸ்டரும் கடலில்லாத பஞ்சாலை நகரம்தான். லிவர்பூல் துறைமுகக் கட்டணத்தையும் இருப்புப்பாதைக் கட்டணத்தையும் பொறுக்கமாட்டாமல், 58 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டி 1894-இல் அது கடலைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது. அந்தக் கனவை நொய்யலில் கண்டிருக்க முடியாது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து 180 கிலோமீட்டருக்கும் குறைவாகவே ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு அது. ஆண்டின் பெரும்பகுதி அதில் மணலே தெரியும். 300 மீட்டர் உயரத்துக்குக் கப்பலை ஏற்றவும் வழியில்லை.

படகோடாத ஆற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கதையின் கசப்பான பகுதி. கப்பல் வரும் ஆறு தூர்ந்தால் வணிகனுக்கு நட்டம், ஆகவே அவன் செலவழித்துத் தூர்வாருவான். நொய்யல் கெட்டால் எந்த ஏற்றுமதியாளரின் சரக்கும் நிற்கவில்லை. துணி சாலை வழியே கடலுக்குப் போனது, சாயக்கழிவு ஆற்று வழியே கீழ்ப்பகுதி வயல்களுக்குப் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீரைத் தேக்கும் குட்டையானது. அந்த நீரைத் தேக்கவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம் என்று உழவர்கள் போராட நேர்ந்தது. பழங்காலத்தில் உலகோடு வணிகம் செய்த கொடுமணலும் இதே ஆற்றங்கரையில், அந்த அணைக்கு அதிகத் தொலைவில் இல்லை. ஊருக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய நீரோ காவிரியிலிருந்து குழாயில் வந்தது.

கப்பல் ஓடியிருந்தால் நொய்யல் தூய்மையாக இருந்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. மான்செஸ்டர்க் கால்வாயும் அழுக்கில் பேர்போனதுதான். வணிகம் ஆற்றின் ஆழத்தைக் காக்கும், நீரின் தரத்தைக் காக்காது. தரத்தைக் காக்க வேறொருவர் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவே தவிர, கரைந்த உப்பை நீக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் அடைபட்டன, தொழிலாளர் வேலையிழந்தனர், ஊரே முடிந்தது என்ற பேச்சு எழுந்தது. பின்னர் சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்குத் தொழில் மாறியது. செலவு கூடியது. ஆனாலும் தொழில் அழியவில்லை, ஏற்றுமதி முன்னிலும் பெருகியது.

கணவாயும் வெள்ளமும் மணல்திட்டும் எவர் கையிலும் இல்லாதவை. அவற்றை மாற்றிக் கற்பனை செய்வது நமக்குச் சிந்தனைப் பயிற்சி மட்டுமே. 2011-இல் வேறு வழியின்றிச் செய்ததை 1990-இல் மனமுவந்து செய்திருந்தால் என்ற கேள்வி அத்தகையது அன்று. திருப்பூரின் வரலாற்றில் மனிதர் கையில் முழுமையாக இருந்த ஒரே மாற்றுப்பாதை அதுதான். அந்த இருபது ஆண்டுகளின் உப்பு கீழ்நொய்யல் கிணறுகளில் படிந்தது. அதற்கு நிலவியலைக் குறைசொல்ல நமக்கு நியாயமில்லை.