எல்லாரும் எடுத்து வைத்த காசு

"எங்கிட்ட வைஷ்ணவி தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் இருக்கு. லட்சக்கணக்குல போகுமாமே?"

நான் காசுகளைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறவன் என்று தெரிந்தால் காரைக்காலில் அடுத்து வருகிற கேள்வி இதுதான். பதில் ஒரே சொல்: போகாது. ஏன் போகாது என்பதற்கு இந்த ஊரில் புழங்கிய காசுகளின் கதையே போதும்.

முதலில் "பழசு என்றால் அரிது" என்ற நம்பிக்கை. 1736இல் பிரெஞ்சு கவர்னர் துய்மா, ஆற்காடு நவாப் தோஸ்த் அலியிடம் அனுமதி வாங்கிப் புதுச்சேரியில் ரூபாய் அடிக்கத் தொடங்கினார். அவர் காலத்திலேயே, 1739இல், காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அந்த ரூபாயில் பிரெஞ்சு ராஜா பெயர் கிடையாது, முகலாயப் பேரரசர் பெயர்தான். புதுச்சேரி சரக்கு என்பதற்கு அடையாளம் ஒரு சின்னப் பிறை. சில்லறைக்குச் செப்புக் காசு. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. காரைக்கால் பெயரைத் தமிழில் தாங்கிய செப்புக் காசும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஏட்டில் 'தூதூ' என்று எழுதியது நம்ம துட்டு. 'ஃபனோன்' நம்ம பணம்.

லில்லிப் பூ போட்ட துட்டு இருநூறு வருஷத்துக்கும் மேல் பழசு. ஆனால் நாணயக் கடைகளில் தேய்ந்த துட்டு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் பெரிதாக இல்லை. காரணம் எளிது: சந்தைக்கும் கூலிக்கும் அது ஏராளமாக அடிக்கப்பட்டது, மண்ணுக்குள் ஏராளமாகத் தங்கியும் விட்டது. வயது மட்டும் ஒரு காசை அரிதாக்குவதில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புதுச்சேரியில் காசு அடிப்பது நின்றுபோனது. அதற்குப் பிறகு இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தாலும் கையில் புழங்கியது பிரிட்டிஷ் இந்திய ரூபாய்தான். இந்தோசீன வங்கி பிரெஞ்சு இந்தியாவுக்கென்று ரூபாய் நோட்டு அச்சிட்டது; உலோகக் காசு மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காசு. அதனால் 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி மாறியபோது சுருக்குப் பையில் கிடந்த சில்லறை மாறவில்லை.

அந்த ரூபாய்களில்தான் உண்மையான அரிதுக்கு ஓர் உதாரணம் இருக்கிறது: ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் வருஷத்து ரூபாய். அடுத்த வருஷமே ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய உயர்தர வெள்ளி ரூபாய்களை அரசு 1943க்குள் வரிசையாகச் செல்லாததாக்கித் திரும்ப வாங்கிக்கொண்டது. பார்வைக்கு 1939 ரூபாயில் எந்த விசேஷமும் இல்லை. இன்று சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவது அதைத்தான். வருஷ எண்ணைத் திருத்திய போலிகளும் அதில்தான் வருகின்றன.

இதற்கு நேர் எதிர், தாமரைப் பூ போட்ட 20 பைசா. 1968 முதல் 1971 வரை அலுமினிய வெண்கலத்தில் அடித்தது. மஞ்சளாக மின்னியதால் "அதுல தங்கம் கலந்திருக்கு" என்று பேச்சு கிளம்பியது. லட்சுமிக்கு உகந்த தாமரை வேறு. வீட்டுக்கு வீடு எடுத்து வைத்தார்கள். 108 காசு சேர்த்துப் பூஜை செய்பவர்கள் இன்றும் உண்டு. கடைத்தெருவிலிருந்து அது மறைந்தது உண்மைதான். ஆனால் போன இடம் உருக்காலை இல்லை, பூஜை அறை. அதனால்தான் இன்றும் அது மூட்டையாக விற்பனைக்கு வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், எல்லாரும் எடுத்து வைத்த காசு அரிதாகாது. யாரும் திரும்பிப் பார்க்காமல் செலவழித்த காசுதான், அதுவும் தேயாமல் கொஞ்சமே மிஞ்சினால், அரிதாகும். அப்போதும் தேடுகிற ஆள் வேண்டும். தேடுபவர் இல்லாத அரிய காசுக்கு விலை கிடையாது.

வைஷ்ணவி தேவி காசு 2012இல் ஐந்து ரூபாயாகவும் பத்து ரூபாயாகவும் வந்தது. புழக்கத்துக்கென்றே அடித்தது, படத்துக்காகவே லட்சக்கணக்கானோர் பத்திரப்படுத்தியது. தாமரைக் காசின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வதந்தி வேறு திசையிலும் வேலை செய்யும். ரூபாய்ச் சின்னம் இல்லாத பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் வாங்க மறுத்தார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட வேண்டியிருந்தது. ஒரே மாதிரி வதந்தி ஒரு காசை லட்சமாக்குகிறது, இன்னொன்றைச் செல்லாக்காசாக்குகிறது.

சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு யோசனை. படத்தைப் பார்க்காதீர்கள், வருஷத்துக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. சனிக்கிழமைகளில் திருநள்ளாறுக்கு வெளியூர்க் கூட்டம் வருவதால் இங்கே நாலு ஆலைக் காசும் சில்லறையில் கலந்து வரும். சாதாரண ஒரு ரூபாயை வருஷ வாரியாக, ஆலை வாரியாக அடுக்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் நிரம்ப மறுக்கிறதோ, அங்கேதான் அரிது இருக்கிறது. செலவும் முகமதிப்பு மட்டும்தான்.

விற்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய காசை வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கி பெயரில் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கும் மோசடி பற்றி, அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எங்கள் தெருவில் ஒரு அக்கா "பதிவுக் கட்டணம்" என்று இரண்டாயிரம் கட்டிவிட்டு, அந்த ஐந்து ரூபாயை இன்னமும் அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்திருக்கிறார். காசை வாங்க வருகிறவன் உங்களுக்குப் பணம் தர வேண்டும். உங்களிடம் கேட்டால், அவன் நாணயம் பார்க்க வந்தவன் இல்லை.