வன்னி மரத்துப் படைக்கலங்கள்: ஆற்றலை மறைத்து வாழும் கதைத்தலைவர்கள்

முன்னுரை

விசயதசமியன்று ஐதராபாத்து நகரின் குகட்பள்ளி முதலிய பகுதிகளில் வாழும் மக்கள் ஜம்மி மரத்தை நாடிச் சென்று வலம்வந்து வழிபடுவர். வீட்டாரின் பெயர்களைத் தாளில் எழுதி மரக்கிளையில் செருகுவதும், அதன் இலைகளைப் ‘பொன்’ எனக் கூறிப் பெரியோர் கையில் அளித்து வாழ்த்துப் பெறுவதும் அங்குள்ள வழக்கங்கள். ஜம்மி என்பது தமிழில் வன்னி என வழங்கும் மரமே ஆகும். பாண்டவர் ஓராண்டுக் காலம் தம்மை மறைத்து வாழச் சென்றபோது தம் படைக்கலங்களை இம்மரத்தில்தான் ஒளித்துவைத்தனர் என்பது பாரதக் கதை. தெலங்காணா மாநிலம் உருவான 2014ஆம் ஆண்டில் ஜம்மி அதன் மாநில மரமாக அறிவிக்கப்பட்டது. மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்ட பாலபிட்டையும், அதாவது பனங்காடையும், மக்கள் நம்பிக்கையில் பாண்டவர் கதையோடு தொடர்புடையதே.

வெற்றித் திருநாளில் மக்கள் வணங்குவது போர் நிகழ்ந்த களத்தை அன்று. படைக்கலம் மறைந்திருந்த இடத்தை என்பது சிந்தனைக்குரியது. தன் பேராற்றலை மறைத்து எளியவனாக வாழும் தலைவன் கதை கேட்போரை ஈர்ப்பது ஏன்? அம்மறைவுக்குரிய விலையைக் கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களையும் விராட பருவத்தை அடிப்படையாகக் கொண்டு, மேடையிலும் திரையிலும் அதன் மரபு பெற்ற மாற்றங்களோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்ஞாதவாசத்தின் இலக்கணம்

பாரதத்தின் பதினெட்டுப் பருவங்களுள் நான்காவது விராட பருவம். பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் வாழ்ந்தபின், பதின்மூன்றாம் ஆண்டினைப் பிறர் அறியாவண்ணம் கழித்தல் வேண்டும். இடையில் அடையாளம் காணப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டுகள் காடுறைதல் வேண்டும் என்பது சூதாட்டத்தின்போது விதிக்கப்பட்ட நிபந்தனை. ஆகவே இங்கு மறைவு என்பது அச்சத்தால் விளைந்ததும் அன்று, விளையாட்டும் அன்று. அது காலவரையறை உடைய ஓர் ஒப்பந்தம்.

தருமன் சூதாடும் துணைவனாகவும், வீமன் சமையற்காரனாகவும், அருச்சுனன் ஆடல் கற்பிக்கும் பேடியாகவும், நகுலன் குதிரை காப்போனாகவும், சகாதேவன் ஆநிரை காப்போனாகவும், திரௌபதி அரசிக்குப் பணிசெய்யும் சைரந்திரியாகவும் விராடன் அரண்மனை புகுகின்றனர். ஒவ்வொருவரும் ஏற்ற வேடம் அவரவர் இயல்பிலிருந்தே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சூதால் நாடிழந்தவன் சூதாட்டத் துணைவனாகிறான். பெரும்பசி உடையவன் அடுக்களை சேர்கிறான். மறைவு இங்கே ஒருவகை வெளிப்பாடாகவும் அமைந்துள்ளது எனலாம்.

மறைக்க இயலாத பண்பு ஒன்றினையும் காவியம் சுட்டுகின்றது. தருமன் எங்குளன் என ஒற்றர் அறிய இயலாதபோது, அவன் வாழும் நாட்டில் பருவமழை பொய்யாது, மக்கள் நன்னெறி நிற்பர் என வீடுமன் கூறுகிறான். வேடம் உருவத்தை மறைக்கும். நாட்டின் செழிப்பை மறைக்காது. விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்னும் நம்பிக்கை தமிழகத்திலும் அண்டை நாடுகளிலும் வேரூன்றியமைக்கு இக்கருத்து அடிப்படையாதல் கூடும். தமிழகத்தின் வடமாவட்டங்களில் இப்பருவக் கதை தெருக்கூத்தாகவும் ஆடப்பெறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திக்கனர் தெலுங்கில் பாரதம் இயற்றியபோது விராட பருவத்திலிருந்தே தொடங்கினார். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய பத்துப் பருவங்களுள் இதுவும் ஒன்று.

ஈர்ப்பின் காரணங்கள்

இக்கதையின் முதன்மையான ஈர்ப்பு, அவையோர் அறியாததைக் கேட்போர் அறிந்திருத்தலில் உள்ளது. விராடன் தன் மகன் உத்தரனின் வெற்றியைப் பாராட்டும்போது தருமன் பிருகந்நளையின் துணையைக் குறிப்பிடுகிறான். சினந்த விராடன் சூதாடு காயால் அவன் முகத்தில் எறிகிறான். மூக்கிலிருந்து வழியும் குருதியைத் திரௌபதி கலத்தில் ஏந்துகிறாள். தான் யாரை அடித்தோம் என்பதை அரசன் அறியான், கேட்போர் அறிவர். இவ்வறிவு கேட்போரைக் கதைமாந்தரின் மறைவுக்கு உடந்தையாளராக ஆக்குகின்றது.

இரண்டாவது காரணம் முரண்நிலை. உத்தரன் அந்தப்புரத்து மகளிர் நடுவே தன் வீரத்தைப் பேசி, கௌரவர் படையைக் கண்டவுடன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். இல்லாத ஆற்றலைக் காட்டுபவனும் உள்ள ஆற்றலை மறைப்பவனும் ஒரே தேரில் செல்கின்றனர். பின்னர் வன்னி மரத்தடியில் உத்தரன் கேட்க, அருச்சுனன் தன் பத்துப் பெயர்களையும் அவற்றின் காரணங்களையும் கூறித் தன்னை வெளிப்படுத்துகிறான். ஓராண்டு ஒரு பெயரும் இன்றி வாழ்ந்தவன் பத்துப் பெயர்களையும் ஒருசேரத் திரும்பப் பெறும் அக்காட்சியே பிற்கால வெளிப்பாட்டுக் காட்சிகள் அனைத்திற்கும் முன்மாதிரி எனக் கருத இடமுண்டு.

மூன்றாவது காரணம் காலவரையறை. அருச்சுனன் வெளிப்பட்டதும் கெடு முடியுமுன் அவன் அறியப்பட்டான் எனத் துரியோதனன் வாதிடுகிறான். வீடுமனோ, ஐந்தாண்டுக்கு இரண்டு மிகைமாதங்கள் சேர்வதைக் கணக்கிட்டுக் கெடுவிற்குமேல் ஐந்து மாதமும் பன்னிரண்டு நாளும் கடந்துவிட்டன என விடையளிக்கிறான். ஆற்றல் வெளிப்பட்டால் மட்டும் போதாது. உரிய காலத்தில் வெளிப்படல் வேண்டும் என்பதே இங்குள்ள அறம்.

பொறுமையின் விலை

இப்பொறுமை யாருக்குச் சுமையாகிறது என்பதே இக்கதையின் உயிர்நிலை. அரசியின் உடன்பிறந்தானும் படைத்தலைவனுமான கீசகன் திரௌபதியைத் துரத்திவந்து அரசவையிலேயே காலால் உதைக்கிறான். தருமனும் வீமனும் அவ்வவையில் உள்ளனர். சினந்தெழ முற்படும் வீமனைத் தருமன் குறிப்பால் தடுக்கிறான். அவள் கூத்தி போல் அழுது சூதாட்டத்திற்கு இடையூறு விளைவிப்பதாகவும் கடிந்து கூறுகிறான். அவ்வவையில் வேடம் பூண்டு நடித்துக்கொண்டிருப்பவன் அவனும் ஆவான் என்பதில் உள்ள கசப்பு கூர்ந்து நோக்கத்தக்கது.

அன்றிரவு திரௌபதி அடுக்களை சென்று வீமனை எழுப்புகிறாள். அரசிக்குச் சாந்து அரைத்துக் காய்த்துப்போன தன் கைகளைக் காட்டுகிறாள். வீமன் அக்கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறான். கணவரின் பெருமைக்குச் சான்றாகப் பொறுமை பேசப்படும் ஒரு கதையில், அப்பொறுமையின் விலை ஒரு பெண்ணின் உள்ளங்கையில் எழுதப்பட்டிருப்பதைக் காவியம் மறைக்கவில்லை. கீசகன் ஆடலரங்கில் கொல்லப்பட்டபின் அரசி அவளை வெளியேறப் பணிக்கிறாள். இன்னும் பதின்மூன்று நாள் பொறுத்திருக்குமாறு திரௌபதி வேண்டுகிறாள். கெடுவின் கணக்கை அவளும் மறந்தாள் அல்லள். எனினும் கணக்கு ஒருபுறம் நிற்க, முறையீட்டையும் உரக்கச் சொன்னவள் அவள் ஒருத்தியே.

நளன் கதையையும் இங்கு ஒப்பிடலாம். கார்க்கோடகன் தீண்டியதால் உருமாறித் தேரோட்டியாய் வாழும் நளன் தன்னைத் தானே வெளிப்படுத்தவில்லை. இரண்டாம் சுயம்வரம் என்னும் சூழ்ச்சியால் அவனை வரவழைத்து, மக்களை அனுப்பி, ஆராய்ந்து அறிபவள் தமயந்தியே. பழங்கதைகளில் பெண் மறைவின் சுமையைத் தாங்குபவளாக மட்டுமன்றி, அதனைக் கேள்விக்கு உட்படுத்துபவளாகவும் முடிவுக்குக் கொணர்பவளாகவும் விளங்குகிறாள்.

மேடையும் அரசியலும்

‘எதுவரை பொறுப்பது?’ என்னும் திரௌபதியின் வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசியல் வினாவாயிற்று. கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் 1907இல் மராத்தியில் எழுதிய ‘கீசகவதம்’ என்னும் நாடகத்தில் அவையோர் கீசகனைக் கர்சன் பிரபுவாகவும், திரௌபதியை இந்திய நாடாகவும், தருமனை மிதவாதியாகவும், வீமனைத் தீவிரவாதியாகவும் கண்டனர். ஆங்கில அரசு 1910இல் அந்நாடகத்தைத் தடைசெய்தது. ஆற்றலை மறைத்தல் அறமா, அடங்கிப்போதலா என்னும் விவாதத்தை ஒரு புராணக் காட்சி தாங்கி நின்றமைக்கு இது தக்க சான்றாகும்.

தென்னிந்தியத் திரைப்பட வரலாறும் இக்கதையோடு தொடங்குகின்றது. 1910களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம் ‘கீசகவதம்’ ஆகும். ஒலியற்ற அப்படம் இன்று கிடைக்கவில்லை. கமலாகர காமேசுவரராவ் இயக்கி 1963இல் தெலுங்கில் வெளியான ‘நர்த்தனசாலா’வில் என்.டி. ராமாராவ் பிருகந்நளையாகவும், சாவித்திரி திரௌபதியாகவும், எஸ்.வி. ரங்காராவ் கீசகனாகவும் நடித்தனர். வீரத் தலைவராகப் போற்றப்பட்ட நடிகர் ஒருவர் பேடிக்கோலம் பூண்டதை மக்கள் விரும்பி ஏற்றனர். அக்கோலத்தின் அடியில் இருப்பவன் யார் என்பதை அவர்கள் அறிந்திருந்தமையே அதற்குக் காரணம்.

ஆட்டோ ஓட்டுநரான அருச்சுனன்

புராணப் படங்கள் குறைந்தபின் இவ்வமைப்பு சமூகப் படங்களுக்கு இடம்பெயர்ந்தது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் 1995 சனவரியில் வெளியான ‘பாட்சா’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தந்தையின் இறுதி விருப்பத்திற்கு இணங்கிப் பழைய வாழ்வைத் துறந்த மாணிக்கம், தம்பி தங்கையரை வளர்க்கும் ஆட்டோ ஓட்டுநராக வாழ்கிறான். தம்பிக்கு உரிய அடியைத் தான் ஏற்று, கம்பத்தில் கட்டப்பட்டு அடிபடுகிறான். தங்கைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்கச் செல்லும் காட்சியில் அவன் தன்னை வெளிப்படுத்தும் சொற்கள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிகழ்வதால் பார்வையாளர் செவிக்கு எட்டுவதில்லை. எதிரில் இருப்பவரின் முகமாற்றமே அனைத்தையும் உணர்த்துகின்றது. இப்படம் தெலுங்கிலும் மொழிமாற்றம் பெற்றது. உணவகப் பணியாளாக வாழும் தலைவனைக் காட்டிய ‘சமரசிம்மா ரெட்டி’ 1999இலும், காசியில் வாடகைக் கார் ஓட்டுபவனைக் காட்டிய ‘இந்திரா’ 2002இலும் தெலுங்கில் வந்தன.

குகட்பள்ளி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு போன்ற, பல ஊர்களிலிருந்து வந்தோர் நிறைந்த பகுதிகளில் இத்தகைய படங்கள் பெற்ற வரவேற்பினை அவ்வாழ்வின் பின்னணியில் உணர்ந்துகொள்ளலாம். சொந்த ஊரில் பெயரும் குடிப்பெருமையும் உடையவர், பெருநகரில் கதவு எண்ணாக அறியப்படுகின்றனர். தன்னை யாரென அறியாதார் நடுவே உழைத்து வாழ்வோருக்கு அஞ்ஞாதவாசம் புராணச் செய்தியாகத் தோன்றுவதில்லை.

பிறநாட்டு ஒப்புமை

பிறநாட்டார் இலக்கியத்திலும் இவ்வமைப்பு உண்டு. ஓமரின் காவியத்தில் ஒதிசியசு இரவலனாகத் தன் வீட்டிற்கே திரும்புகிறான். பழைய தழும்பைக் கண்டு செவிலி அவனை அறிகிறாள். 1938இல் தோன்றிய சூப்பர்மேன் என்னும் படக்கதைத் தலைவன் கூச்சமுடைய செய்தியாளனாக வாழ்கிறான். எளிய அலுவலர் ஒவ்வொருவரும் தம்முள் ஒரு மாவீரன் உறங்குவதாக நம்புவதே இக்கதையின் கவர்ச்சி என உம்பர்த்தோ எக்கோ 1962இல் விளக்கினார். இவ்விளக்கம் பொருத்தமானதே, ஆயினும் முழுமையானது அன்று. சூப்பர்மேனின் மறைவுக்குக் கெடு இல்லை. விராட பருவத்திலோ மறைவு முடிவுக்கு வந்தே தீரவேண்டிய ஒன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு மாற்றங்கள் புலனாகின்றன. முதலாவதாக, காலவரையறையின் இடத்தைத் திரைப்படத்தில் உணர்ச்சியின் எல்லை பெற்றுள்ளது. கெடு முடிந்ததால் அன்றி, பொறுக்க முடியாமையால் தலைவன் வெளிப்படுகிறான். இரண்டாவதாக, அடி வாங்கும் உடல் தலைவனுடையதாகவே ஆகிறது. பிறரைத் துன்புற விட்டுத் தான் பொறுத்திருக்கும் தருமனைவிட, பிறர்க்காகத் தான் அடிபடும் மாணிக்கம் அறத்தில் ஒருபடி உயர்ந்தவன் என்பதையும் ஏற்கவேண்டும். ஆனால் இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. திரையில் தங்கைக்கு நேரும் துன்பம் தலைவனின் சினத்தைத் தூண்டும் கருவியாகின்றது. அவள் அவனை நோக்கி ‘ஏன் இதுவரை வாளாவிருந்தாய்?’ எனக் கேட்பதில்லை. அடுக்களையில் காய்த்த கைகளைக் காட்டிய திரௌபதியின் குரலுக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு குறையும் எண்ணத்தக்கது. எளியவன் உண்மையில் வலியவன் என்பதால் அவனை மதிக்கக் கற்பிக்கும் கதை, உண்மையிலேயே எளியவனாக இருப்பவனை மதிக்கக் கற்பிக்குமா? விராடன் பின்னர் பொறுத்தருள வேண்டியது அந்தணன் ஒருவனை அடித்த பழிக்கு அஞ்சியே. ஒரு சூதாட்டத் துணைவனை அடித்தமைக்காக அன்று. மறைந்த ஆற்றலைக் கொண்டாடும் மரபு இவ்வினாவிற்கு இன்னும் விடை கூறவில்லை. ஆயினும் வன்னி மரத்தில் படைக்கலங்கள் இருப்பதை அறியாதார்க்கு அது பிணம் தொங்கும் மரமாகவே தோன்றியது என்கிறது காவியம். அஞ்சி விலகிச் சென்ற மரத்தையே மக்கள் பின்னர் வணங்கலாயினர். கண்ணுக்குத் தாழ்வாகத் தோன்றுவதை விரைந்து இகழாதிருக்க இக்கதை பழக்குமாயின், அதன் ஈர்ப்பு வெறும் பொழுதுபோக்கு ஆகாது எனத் துணியலாம்.