தடை போட்டால் சூதாட்டம் நிற்குமா?

"எஃப் அண்ட் ஓ-வை ஒரேயடியா தடை பண்ணிட்டா என்னண்ணே?" என்று கேட்டான் என் சித்தி மகன். இரண்டு வருஷச் சேமிப்பை ஆப்ஷன்ஸில் விட்டவன். கோபம் நியாயம்தான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், இந்த வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செபியின் ஆய்வே சொல்கிறது.

ஆனா, இந்தத் தடையை நாம ஏற்கெனவே ஒரு தடவை போட்டுப் பார்த்தாச்சு.

1956-ஆம் ஆண்டு பங்கு ஒப்பந்தச் சட்டத்தின் 20-வது பிரிவு ஆப்ஷன்ஸைத் தடை செய்தது. 1969 ஜூனில், அதே சட்டத்தின் 16-வது பிரிவைக் காட்டி முன்பேர வணிகத்தையும் அரசு நிறுத்தியது. ஊக வணிகம் நின்றதா? இல்லை. பம்பாயில் அது 'பத்லா' என்ற பழைய பெயரிலேயே தொடர்ந்தது. கணக்குத் தீர்க்கும் நாளில் வாங்கியவரிடம் பணம் இல்லையென்றால், ஃபைனான்ஸியர் பணம் போடுவார். வட்டி கட்டிவிட்டு, கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். பெயர் ரொக்க வணிகம். நடந்தது கடனில் பந்தயம்.

1993 டிசம்பரில் செபி பத்லாவை நிறுத்தியது. கொஞ்ச காலத்திலேயே திருத்தங்களோடு திரும்ப அனுமதித்தது. 2001 மார்ச்சில் கல்கத்தா சந்தையில் தரகர்கள் பணம் கட்ட முடியாமல் நின்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் பத்லா ஒருவழியாக ஒழிந்தது.

இந்தத் தடை மட்டும் ஏன் நிலைத்தது? மாற்று வழி தயாராக இருந்தது என்பதே என் வாசிப்பு. குறியீட்டு ஃபியூச்சர்ஸ் 2000-இலேயே வந்துவிட்டது; அதில் மார்ஜின் உண்டு, நடுவில் கிளியரிங் கார்ப்பரேஷனின் உத்தரவாதம் உண்டு. 1969-இல் சட்டம் பெயரைத் தடுத்தது. ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

2001-இன் குறை வேறு. தரகர் விழுந்தால் சந்தை தாங்கும்படி கட்டினார்கள். சின்ன முதலீட்டாளர் விழுவதை யோசிக்கவில்லை. 2024-இல்தான் செபி குறியீட்டு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தி, வாராந்திர எக்ஸ்பைரியை ஒரு சந்தைக்கு ஒன்றாகக் குறைத்தது. முழுத் தடை போட்டால், கணக்கே இல்லாத டப்பா வர்த்தகக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன், "சரிண்ணே, என் பணம்?" என்றான். அதற்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.