சர்ச்சில் நகரின் துருவக் கரடிகள்: நீளும் காத்திருப்பு

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் நகருக்குச் சாலைத் தொடர்பு கிடையாது. விமானத்திலோ ரயிலிலோ அங்கு வரும் சுற்றுலாப் பயணிகள், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெரிய சக்கரங்கள் கொண்ட வாகனங்களில் வழிகாட்டிகளுடன் சென்று துருவக் கரடிகளைக் காண்கின்றனர்.

கடல் உறைவதற்காகவே கரடிகள் அப்போது கரையில் காத்திருக்கின்றன. உறைபனியின் மீதிருந்துதான் அவை சீல்களை வேட்டையாடுகின்றன. புவி வெப்பமடைவதால் இந்தப் பட்டினிக் காலம் நீண்டு வருகிறது.

மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016ஆம் ஆண்டில் 842 என மதிப்பிடப்பட்ட கரடிகளின் எண்ணிக்கை, 2021இல் 618ஆகக் குறைந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஸ்கார்பரோவிலுள்ள டொரன்டோ பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வாளர்கள், கடற்பனி குறைந்ததால் ஏற்பட்ட உணவுப் பற்றாக்குறையே இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என 2025 ஜனவரியில் சயன்ஸ் சஞ்சிகையில் தெரிவித்தனர்.

கரடிகள் கரையில் அதிக நாட்கள் தங்குவது பார்வையாளர்களுக்கு வாய்ப்பாகத் தோன்றலாம். ஆனால் அதுவே அவற்றின் இருப்பைக் கேள்விக்குள்ளாக்குகிறது.