உள்ளங்கையில் ஒரு ஹெரால்ட்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே, விடுதிச் சாப்பாட்டையும் கடைசி பெஞ்சையும் பற்றி மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே என் பொழுதுபோக்கைப் பற்றி எழுதலாம் என்று தீர்மானித்தேன். மாடல் கார்களைச் சேர்ப்பதும், முடிந்தால் கையால் செய்வதும்தான் அந்தப் பொழுதுபோக்கு. "இந்த வயசுல பொம்மை காரா சார்?" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் படிக்கட்டும். இது பொம்மையின் சரித்திரம் மட்டுமல்ல. நம் ஊர்ப் பக்கம் பிறந்து, ஓடி, மறைந்துபோன ஒரு காரின் சரித்திரமும் இதற்குள் இருக்கிறது.

ஏறிப் போகாத தேர்

பொம்மை வண்டி என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பொம்மைத் தேர் வருகிறது. தச்சர் செய்த தேர். அதைப் பார்த்துத் தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படுவார்களாம். அவ்வளவு நேர்த்தி! ஏறிப் போக முடியாது, உருட்டி விளையாடத்தான் முடியும். உழவர் வீட்டுக் குழந்தைகள் அதை உருட்டி உருட்டிக் களைத்து, பால் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறார்கள். நம் செம்பரம்பாக்கமும் அந்தத் தொண்டை நாட்டைச் சேர்ந்ததுதான்.

அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்றைக் காட்டுகிறார். குதிரை இல்லாமல் சிறுவர்கள் ஓட்டும் அந்தத் தேரை, கோழியை விரட்ட எறிந்த பொற்குழை தடுத்து நிறுத்துகிறது. பிற்காலத்தில் வந்த ஆண்பால் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம்தான்.

ஆக, பெரிய வண்டியைப் பார்த்துச் சின்னதாகச் செய்துவைக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. புதிதாக வந்தது ஒன்றே ஒன்று, கணக்கு. அதாவது ஸ்கேல்.

43-ல் ஒரு பங்கு

சேர்ப்பவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் எண் 1/43. இது என்ன விசித்திரமான எண் என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்குப் பின்னால் ரயில் இருக்கிறது.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் மெக்கானோ கம்பெனியை நடத்திவந்தார். நட்டு, போல்ட்டு, துளை போட்ட இரும்புப் பட்டை வைத்துக் கிரேன் கட்டுவோமே, அதே மெக்கானோ! அவருடைய பொம்மை ரயில்களும் பிரபலம். 'ஓ' கேஜ் என்ற அந்த அளவில், நிஜத்தில் ஒரு அடி இருந்தால் பொம்மையில் 7 மில்லிமீட்டர். ஒரு அடி என்பது 304.8 மில்லிமீட்டர். ஏழால் வகுத்துப் பாருங்கள், நாற்பத்து மூன்றரை வரும். ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைக்க 1933 கடைசியில் சின்ன கார், லாரி போட்டார்கள். 1934-ல் அதற்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் வந்தது. ரயிலுக்குத் துணையாக வந்த கார், போகப்போக ரயிலையே ஓரங்கட்டிவிட்டது.

அடுத்து தீப்பெட்டிக் கார். 1947-ல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ரோட்னி ஸ்மித் என்ற இருவர் (உறவுக்காரர்கள் அல்ல) தங்கள் பெயர்களை ஒட்டி 'லெஸ்னி' என்று ஒரு டை-காஸ்டிங் பட்டறை தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி. அப்பா மகளுக்காகப் பித்தளையில் குட்டி ரோடு ரோலர் ஒன்று செய்துகொடுத்தார். அதிலிருந்து 1953-ல் 'மேட்ச்பாக்ஸ்' பிறந்தது. 1956-ல் கார்கி, 1968-ல் அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் என்று வரிசையாக வந்தன. டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. லெஸ்னி 1982-ல் திவாலானது. அவர்கள் செய்த கார்கள் மட்டும் இன்றும் அலமாரிகளில் நிற்கின்றன.

மெட்ராசுக்கு வந்த வழி

இதெல்லாம் நமக்கு எப்படிக் கிடைத்தது? லேசில் கிடைக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ மாமா, சித்தப்பா இருந்தால் அவர் பெட்டியில் ஒன்றிரண்டு வரும். இல்லாதவர்களுக்கு இருக்கவே இருந்தது மூர் மார்க்கெட். பழைய புத்தகம், பழைய ரேடியோ நடுவே சக்கரம் போன கார்களும் கிடைக்கும். அந்த மூர் மார்க்கெட்டும் 1985 மே 30 அன்று எரிந்துபோனது. இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுசாக நீங்கின. அதன்பின் கடைகளில் கார் குவிந்தது. 2020-ல் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது. 2021-லிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சேர்ப்பவர்கள் பாடு பழையபடி கொஞ்சம் திண்டாட்டம்தான்.

இதற்கு நடுவில் நடந்த ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. 1960-களின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. அங்கே அவற்றில் வார்த்த கார்கள் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் விற்பனையாயின. அடித்தட்டில் 'டிங்கி' என்ற எழுத்தை அரைகுறையாக அழித்திருப்பார்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் பழைய பெயரின் தடம் தெரியும். பெயின்ட் கொஞ்சம் முரடு, பொருத்தம் கொஞ்சம் லூஸ். இருந்தாலும் இன்று வெளிநாட்டுக்காரர்களே தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அந்த நிக்கி வரிசையில் ஒரு கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

நம்ம வண்டலூர் கார்

ஹெரால்டை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க முடியாது. 1948-ல் மெட்ராசின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை வண்டலூரில் இருந்தது. அங்கே முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென், 1961-லிருந்து ஹெரால்ட். இத்தாலியின் மிக்கலாட்டி வரைந்த உருவம். பானெட்டைத் தூக்கினால் மூக்கோடு சேர்ந்து முன்பக்கம் முழுக்க மேலே வரும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். டாக்டர், வக்கீல், புரொபசர் என்று மெட்ராசில் எத்தனையோ வீட்டு வாசலில் நின்ற கார் அது.

1959-ல் டிங்கி செய்தது இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை. அதன் அச்சுதான் கல்கத்தாவில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகப் பெயர் மாறியது. அதாவது, லிவர்பூலில் வெட்டிய அச்சு, கல்கத்தாவில் ஊற்றிய துத்தநாகம், வண்டலூர்க் காரின் பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் உதைக்கிறது. இங்கிலாந்துக் காருக்கு இரண்டே கதவு. நம் குடும்பங்களுக்கு அது போதுமா? தாத்தா, பாட்டி, பிள்ளைகள், டிபன் கேரியர் எல்லாம் ஏற வேண்டாமா? ஃபியட்டும் அம்பாசடரும் நாலு கதவோடு போட்டிக்கு நிற்க, வண்டலூர்க்காரர்கள் ஹெரால்டுக்கும் நாலு கதவு வைத்தார்கள். அந்த ஹெரால்ட் உலகத்தில் வேறெங்கும் வரவில்லை. அதன் வழியில் 1972-ல் வந்த கெஸல், நம் நாட்டுக்கென்றே உருவான கார்.

லிவர்பூல் அச்சுக்கு இந்த நாலு கதவு தெரியாது. எந்தக் கார் உண்மையிலேயே நம்முடையதோ, அதற்கு அந்த அச்சில் இடம் கிடைக்கவில்லை. 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 எடுபடாமல் போக, 1988-ல் உற்பத்தியும் நின்றுவிட்டது.

பெரிய கார் செய்யும் பேட்டை

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் இருப்பதே வண்டி செய்யும் பேட்டை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகிய கம்பெனிகள் 1960-களின் தொடக்கத்தில் வந்தவை. ஆவடியில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் டை செய்வோர், காஸ்டிங் செய்வோர், கடைசல் பிடிப்போர் எத்தனை பேர்! செம்பரம்பாக்கத்திலிருந்து அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ வந்தது. கார் ஏற்றிய டிரெய்லர்கள் ஏரிப் பக்கம் போவதை நாம் தினசரி பார்க்கிறோம். ஆனால் இவ்வளவு கைத்திறன் இருந்தும், நம் கார் ஒன்றை உள்ளங்கை அளவில் அச்சாக வெட்டும் வேலை லிவர்பூலுக்குப் போயிருக்கிறது. நம் எஸ்டேட்டில் பெரிய கார் உதிரிபாகத்துக்கே ஆர்டர் நிரம்பி வழிந்தது என்பது ஒரு காரணம். பொம்மைக்கு யார் அவ்வளவு செலவு செய்து டை போடுவார்கள் என்பது இன்னொரு காரணம். டெல்லியின் சென்டி நிறுவனம் பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடரும் ஆட்டோவும் செய்தது ஒரு ஆறுதல்.

ஆகவே நாலு கதவு ஹெரால்ட் வேண்டுமென்றால் கையால்தான் செய்ய வேண்டும். முடியுமா? பேருந்துப் பைத்தியம் பிடித்த நம் இளைஞர்களைப் பாருங்கள். ஃபோம் போர்டு, பிளாஸ்டிக் ஷீட், பசை, பெயின்ட் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, அரசுப் பேருந்தை ஜன்னல் கம்பி, போர்டு எழுத்து உட்பட அப்படியே செய்துவிடுகிறார்கள். கார் அதைவிடச் சிரமம், ஏனென்றால் உடம்பெல்லாம் வளைவு.

செய்முறை சுருக்கமாக இது. ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம், அதாவது சுமார் 3,886 மில்லிமீட்டர். 1/43-ல் 90 மில்லிமீட்டர் வரும். கைவேலைக்கு அது ரொம்பப் பொடிசு. 1/24-ல் 162 மில்லிமீட்டர், அது வசதி. முன், பின், பக்கம், மேல் என நாலு படம் வரைந்து, மென்மையான மரத்தில் உடலைச் செதுக்க வேண்டும். நம் கார்ப்பென்டரி செக்‌ஷனும் ஃபிட்டிங் ஷாப்பும் ஞாபகம் வருகிறதா? அன்று ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக அராவ ஒரு செமஸ்டர் போனது. "இது எதுக்குடா உதவப்போகுது" என்று திட்டிக்கொண்டே அராவினோம். இதுக்குத்தான் உதவுகிறது! செதுக்கியதைச் சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து ரெசின் ஊற்றலாம். சக்கரத்தைக் கடைசலில் பிடிக்கலாம். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து பிரின்ட் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெயின்ட் மட்டும் மெல்லிசாக அடிக்க வேண்டும். 1/43 காரில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் ஏறினால், நிஜக் காரில் 4 மில்லிமீட்டருக்கு மேல் பூசியதற்குச் சமம். கதவுக் கோடெல்லாம் மூழ்கிவிடும்.

அழிவது எது, நிற்பது எது

உலோகப் பொம்மை நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும், வருஷங்கள் கழித்துக் கார் தானாக வெடித்து உதிரும். இதற்கு மருந்தே கிடையாது. நம்மூர்ப் புழுக்கம் அதை இன்னும் வேகப்படுத்தும். போருக்கு முந்தைய டிங்கி கார்கள் பல இப்படித்தான் பொடியாகின.

காகிதம் இன்னும் மோசம். 2015 டிசம்பரில் பெருமழையும் நம் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட நீருமாக அடையாற்றுக் கரை மூழ்கியபோது, எத்தனை வீட்டில் போட்டோ ஆல்பமும் பழைய ஆவணமும் சேறானது என்று நமக்குத் தெரியும். கார் விவரப் புத்தகங்களும் வீட்டில் அந்தப் பரண், பீரோவில்தானே கிடக்கின்றன? நிஜக் காரோ, எஃப்.சி. முடிந்ததும் தகரமாகிறது. தொழிற்சாலை மூடினால் வரைபடம் யாரிடம் இருக்கும்? அம்பாசடர் 2014-ல் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டில் 2022-ல் கார் உற்பத்தி நின்றது. நேற்று ஹெரால்டுக்கு வந்தது நாளை எதற்கும் வரலாம்.

மாடல் செய்பவன் ஒரு காரை அங்குலம் அங்குலமாக அளக்கிறான். அளந்ததை எழுதிவைக்கிறான். அவன் கையில் பொம்மை சுமாராக வந்தாலும், அந்த அளவுக் கணக்கு நிற்கும். அது இருந்தால் பின்னால் வரும் கெட்டிக்காரர் ஒருவர் நன்றாகச் செய்துகொள்வார். இந்தப் பொழுதுபோக்கின் பயன் என்று நான் கண்டது இதைத்தான்.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஷெட்டிலோ, மாமனார் வீட்டுத் தோட்டத்திலோ, தெரிந்த மெக்கானிக்கின் பட்டறை மூலையிலோ ஒரு நாலு கதவு ஹெரால்டோ கெஸலோ கவர் போட்டு நிற்கலாம். துருப்பிடித்திருந்தாலும் பாதகமில்லை. பழைய இரும்புக்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு காமிரா எடுத்துக்கொண்டு போங்கள். நீளம், அகலம், உயரம், சக்கர இடைவெளி, முன்கதவின் அகலம், பின்கதவின் அகலம், கண்ணாடிச் சாய்வு எல்லாவற்றையும் குறியுங்கள். பக்கவாட்டில் நேராக நின்று ஒரு படம் எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

குறித்ததை நம் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். மரம் செதுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த சந்திப்புக்குள் முடிந்தால் ரிஜிஸ்ட்ரேஷன் மேஜை மேலேயே வைத்துவிடலாம். யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் கதவை மட்டும் திறக்க முயற்சிக்காதீர்கள், அது வெறும் கோடுதான்!