தொழில் என்னும் மருந்து

வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில் பாகாயம், கணியம்பாடி ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே போகும்போது, வலப்புறத்தில் ஜவ்வாது மலைத்தொடர் கூடவே வரும். எங்கள் பக்கத்தில் இம்மலையைப் பற்றிப் பேச்செடுத்தால் சாமை, தேன், சந்தனம், நடுகற்கள், காவலூர்த் தொலைநோக்கி என்று ஐந்தாறு செய்திகள் வந்து விழும். மலையடிவாரத்தில் நிகழ்ந்த ஒரு மருத்துவ வரலாற்றை மட்டும் எவரும் சொல்வதில்லை. என் தந்தையார் நீரிழிவால் கால் உணர்ச்சியை இழந்த பிறகுதான் எனக்கும் அது தெரியவந்தது.

ஒருநாள் மாலை உலாப் போய்வந்தவர், திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். நடந்த வழியெல்லாம் இரத்தத் தடம். அம்மாதான் முதலில் பார்த்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கருவேல முள் உள்ளங்காலில் ஏறியிருந்தது. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அந்நாட்களில் அவருக்குப் பயிற்சியளித்த பெண், இரவு படுக்குமுன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கவும், செருப்பை உதறிவிட்டு அணியவும், வெந்நீரின் சூட்டை முழங்கையால் அறியவும் கற்றுக்கொடுத்தார். இவற்றையெல்லாம் யார் வகுத்தார்கள் என்று கேட்டேன். “தொழுநோயாளிகளுக்காக வந்தது சார். நிறைய நம்ம வேலூர்லதான்” என்றார். அந்த விடையைப் பின்தொடர்ந்து படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

அவருடைய துறைக்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். 1917இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் 1950இல் மும்பையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தமிழில் ‘தொழில்வழி மருத்துவம்’ என்கிறார்கள். பிழைப்புக்கு ஒரு கைத்தொழில் கற்பிப்பது என்று இதற்குப் பொருள் கொள்ளும் இடர் உண்டு. ஆயின் இலக்கணம் பயின்றோர்க்கு இச்சொல் உறுத்தாது. தொழில் என்றால் நமக்கு முதலில் செயல். உண்ணல், உடுத்தல், குளித்தல், நடத்தல் எல்லாம் தொழிற்பெயர்கள். நாட்பட்ட நோயுடன் வாழ்பவர் நாள்தோறும் செய்தாக வேண்டிய இத்தொழில்களை, குறைந்த வலியோடும் குறைந்த ஆபத்தோடும் மீண்டும் செய்யக் கற்பதே இம்மருத்துவம்.

வேலூர்க் கதை கொல்லிமலையில் தொடங்குகிறது. சமயப் பணியாளர்களான ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் தம்பதியின் மகனாக 1914இல் பிறந்த பால் பிராண்ட் அங்கே வளர்ந்தார். ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் வாழும் பழங்குடியினர் மலையாளி என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுபவர்கள்; காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுவழிக் கதை. அம்மக்களிடையே வளர்ந்த பால், 1929இல் தந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். லண்டனில் முதலில் தச்சும் கட்டுமான வேலையும் பயின்று, பிறகே மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார்.

தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி உதிரும் என்பது மருத்துவர்களும் நம்பிய கருத்து. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைப் பிடித்துப் பார்த்த பிராண்ட், அவற்றில் இன்னும் வலிமை இருப்பதைக் கண்டு வியந்தார். சில நரம்புகள் மட்டுமே செயலிழந்திருந்தன. முன்கையின் நல்ல தசைகள் பல அப்படியே இருந்தன. அத்தகைய ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால் மடங்கிய கை விரியும் என்று கருதினார். 1940களின் பிற்பகுதியில் அவர் செய்த அறுவைகள் அதை மெய்ப்பித்தன.

வரலாற்றின் உண்மையான திருப்பம் இதற்குப் பிறகே வருகிறது. கை விரிந்து வீடு திரும்பிய சிலர் மீண்டும் வந்தனர். இந்தக் கையைப் பார்த்து எவரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோயாளி என்று வேலையும் தருவதில்லை என்றனர். கையைத் திருத்தியது போதவில்லை. அக்கைக்குரிய வாழ்வையும் அமைத்துத் தரவேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே சிறு குடில்களாக எழுந்தது நவஜீவ நிலையம். அங்கே அவர் இளைஞர்களுக்குத் தாம் கற்ற தச்சு வேலையைக் கற்பித்தார்.

கூடவே அவர்களுடைய கைகளில் புதிய புண்கள் தோன்றுவதையும் கவனித்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் தம்மால் திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்ததை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. வலி அறியாத கைக்கு எவ்வளவு அழுத்துவது என்ற அளவும் தெரிவதில்லை. அதுமுதல் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியலின் பிடி, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம், சூடான தம்ளர் என்று காரணங்கள் கிடைத்தன. இரவில் விரலின் ஒரு பகுதி காணாமற்போனதற்கு மட்டும் விளக்கமில்லை. விழித்திருந்து பார்த்தபோது எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. உறங்குபவர் உணரவில்லை. அதன்பின் வீடு திரும்புவோருக்குப் பூனை ஒன்றும் கொடுத்தனுப்பினார்களாம்.

விரல் தானாக அழுகுவதில்லை, அன்றாடச் செயல்களே அதைத் தேய்க்கின்றன என்பது இப்படித்தான் தெளிவாயிற்று. ஆகவே செயல்களைத் திருத்தினார்கள். கருவிகளின் பிடி தடித்தது. பாத்திரத்தைத் துணியால் பிடிக்கவும், வேலை முடிந்ததும் இரு கைகளையும் கண்ணால் சோதிக்கவும் பழக்கினார்கள். தோல் தராத செய்தியைக் கண் தரவேண்டும் என்பதே இதன் அடிப்படை. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தனித் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர்ச் செருப்புகளை உருவாக்கிப் பரப்பியதில் இவ்வட்டாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று நீரிழிவாளர் அணியும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததே.

பிராண்டோடு சேர்த்து நினைக்க வேண்டியவர் மேரி வர்கீஸ். இளம் மருத்துவரான அவர் 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கைகள் இருக்கின்றனவே என்று பிராண்ட் ஊக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆண்டில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தொழுநோயாளிகளிடம் கற்றதை அங்கே நீரிழிவாளரின் உணர்விழந்த கால்களுக்குப் பயன்படுத்தினார். என் தந்தையின் கண்ணாடி அப்படி உலகைச் சுற்றித்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஆனால் சாலையின் வலப்புறத்து மலைக்கு அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது? செங்கத்து நன்னனின் மலைநாட்டைப் பாடும் மலைபடுகடாம், எங்கே வழுக்கும், எங்கே கவண்கல் வந்து விழும் என்று கூத்தருக்கு அடிக்கடி எச்சரிக்கை சொல்லி வழிகாட்டுகிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில், சரிவுகளில் சாமை விதைத்தும் புளி உலுக்கியும் வாழ்பவருக்கு “காலுக்கு ஓய்வு கொடுங்கள்” என்பது பொருளற்ற அறிவுரை. தரையில் அமர்ந்து சமைத்து, தரையிலேயே உண்டு உறங்கும் வீட்டுக்கு, நாற்காலியும் மேசையும் உள்ள வீட்டின் முறைகள் பொருந்தா. அந்த வீட்டை நேரில் பார்த்துச் சொல்பவர் வேண்டும். வேலூர்க் கல்லூரியின் சமுதாய மருத்துவப் பிரிவு மலைக் கிராமங்களில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டுசென்றது. தொழில்வழி மருத்துவர்களோ இன்னும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிறார்கள்.

தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து 2005 டிசம்பரில் நீங்கியதாக இந்தியா அறிவித்தது. கூட்டு மருந்துகள் கிருமியைக் கொல்லும். செத்த நரம்பு பெரும்பாலும் மீள்வதில்லை. மருந்து முடிந்த பிறகும் கை மரத்தவர் மரத்த கையோடுதான் சமைக்க வேண்டும். இன்னொரு பக்கம், 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஒதுக்கப்பட்ட மக்கள் தம் விரல்களை விலையாகக் கொடுத்துக் கற்பித்த அறிவு, அவர்களை நாம் மறக்கத் தொடங்கிய காலத்தில் நமக்கே தேவைப்படுகிறது. இந்த அறிவை எளிய தமிழில் முழுமையாகத் தொகுத்து ஒரு நூல் வரவேண்டும். இத்துறையில் பழக்கமுள்ள நண்பர்கள் முயலலாம்.

அப்பா இப்போதும் இரவு உணவுக்குப் பின் விளக்கடியில் கண்ணாடியோடு உட்கார்கிறார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால், கடைசியாக ஒருமுறை அம்மாவும் பார்த்துவிடுகிறார்.